பழைய பொருள், புதிய விலை – 9: தேயிலைப் பெட்டி

போன வாரம் பின்லாந்தின் ஹெல்சிங்கியில், ஹியெட்டலாஹ்தி சதுக்கத்துப் பழம்பொருள் சந்தையில் நின்றோம். அல்வார் ஆல்ட்டோ 1933ல் வடிவமைத்த முக்காலியை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனாலும் கீறலும் கோப்பிக் கறையும் உள்ள பழையதற்குத்தான் மவுசு. புதியதை விற்கும் ஆர்ட்டெக் நிறுவனமே பழசைத் திரும்ப வாங்கி விற்கத் தனிக்கடை வைத்திருக்கிறது.

இந்த வாரம் அக்கரப்பத்தனை. கிளாஸ்கோ, பெல்மோரல் என்று தோட்டங்களுக்கு ஸ்கொட்லாந்துப் பெயர் இருக்கலாம். பின்லாந்துப் பக்கத்துக்கும் இங்கேயும் என்ன ஒட்டு? ஒட்டுப்பலகைதான். ஹெல்சிங்கிக்கு எதிர்க்கரையில் தாலின் நகரம். அங்கே லூதர் குடும்பத்து ஆலை மரத்தை மெல்லிய தாளாகச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிப் பலகையாக்கியது. லண்டனில் 1897ல் தொடங்கிய வெனெஸ்டா கம்பெனி அதைத் தேயிலைப் பெட்டியாக விற்றது. பிறகு வேறு கம்பெனிப் பெட்டிகளும் வந்தன.

பெட்டி முழுசாக வராது. பலகை, தகரப் பட்டி, ஆணி எல்லாம் தட்டையான கட்டாக வரும். ஸ்டோரில் வைத்து அடிப்பார்கள். ஐக்கியா 1956ல் இந்த முறையில் தளபாடம் விற்கத் தொடங்கியதும் உலகமே வியந்தது. நம் ஸ்டோர்க்காரர்களுக்கு அது பழைய வேலை.

ஒரு பெட்டியைக் கிட்ட வைத்துப் பாருங்கள். உள்ளே ஈயத்தாள், பிற்காலத்தில் அலுமினியத்தாள். வெளியே கறுப்பு மையில் ஸ்டென்சில்: தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி. போன்ற தரம், இன்வொய்ஸ் இலக்கம், மொத்த எடை, பெட்டி எடை, நிகர எடை. கழிந்த பெட்டி லயத்துக்கு வந்தால் துணிப்பெட்டி, ரேடியோ மேசை, சாமித்தட்டு. காம்பராவை இரண்டாகத் தடுத்ததும் அதன் பலகைதான். காகிதச் சாக்கு வந்தபின் பெட்டி நின்றுபோனது. மிச்சமிருந்தவற்றில் பல அடுப்பில் எரிந்தன.

பழம்பொருள் கடைக்காரர் தேடுவது துரை பங்களாச் சாமான்: கை நீண்ட சாய்கதிரை, பித்தளை விளக்கு, சுவர் மணிக்கூடு. லயத்துச் சாமானுக்கு வருகிறவர் "பழய இரும்பு, பித்தள, போத்தல்" என்று கூவுகிறவர் மட்டுமே. கவ்வாத்துக் கத்தியும் அவர் தராசில் வெறும் இரும்பு. இது அநியாயமான விலை. நாற்காலியில் சாய்ந்தவனின் கதைக்கு விலை உண்டு, கத்தி பிடித்தவனின் கதைக்கு இல்லை என்றால் கோளாறு சந்தையில் மட்டுமல்ல, நம்மிடமும்தான்.

பெட்டிப் பலகைக்கு மதிப்பில்லையா? 1907ல் அந்தாட்டிக்காவுக்குக் கிளம்பிய ஷாக்கிள்டன் குழு சாமான் கட்டியது வெனெஸ்டா பெட்டிகளில். அங்கே தங்கிய குடிசையில் அவர்கள் அச்சடித்த 'அவுரோரா ஆஸ்திராலிஸ்' நூலுக்கு அந்தப் பலகையே அட்டை. பல பிரதிகளில் பெட்டியின் ஸ்டென்சில் எழுத்து உள்பக்கம் அப்படியே தெரியும். 'பட்டர்' பிரதி என்பதுபோல் அந்த எழுத்தை வைத்தே அவற்றை அடையாளம் சொல்கிறார்கள். ஏலத்தில் பெரும் விலை போகும் நூல் அது.

ஆகவே, வீட்டில் தேயிலைப் பெட்டி இருந்தால் ஸ்டென்சிலைச் சுரண்டாதீர்கள், மேலே பெயின்ட் அடிக்காதீர்கள். யார் வீட்டில், எந்தத் தோட்டத்தில், எதற்குப் பயன்பட்டது என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே ஒட்டுங்கள். வைத்திருக்க இடமில்லையென்றால், கம்பளைக்கு அருகே பழைய லயத்திலேயே 2007 முதல் இயங்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தைக் கேட்டுப் பாருங்கள். இரும்புக்காரரை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.