வரிப்பணமும் மனச்சான்றும்: அமெரிக்காவின் ஹைட் திருத்தம் எழுப்பும் அறநெறிக் கேள்விகள்

முன்னுரை

கருக்கலைப்பு நேரியதா, தவறானதா என்னும் கேள்வியைத் திருச்சபை தொடக்கக் காலந்தொட்டே சிந்தித்து வந்துள்ளது. அதனோடு நெருங்கிய தொடர்புடையதாயினும் அதனின்று வேறான மற்றொரு கேள்வி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஐம்பது ஆண்டுகளாக எழுந்து நிற்கிறது. சட்டம் அனுமதிக்கும் கருக்கலைப்புக்கான செலவை யார் ஏற்பது? குடிமக்கள் அனைவரிடமும் திரட்டப்பட்ட வரிப்பணத்தினின்று அதனைக் கொடுக்கலாமா? பலர் சேர்ந்து கட்டும் காப்பீட்டு நிதியினின்று கொடுக்கலாமா?

முதற்கேள்விக்கு விடை கண்டவர் இரண்டாவதற்கும் விடை கண்டுவிட்டார் என எண்ணலாகாது. கருக்கலைப்பைத் தவறெனக் கருதியும், ஏழைக்கு மட்டும் அதனை மறுப்பது அநீதி என்போர் உளர். அதனைப் பெண்ணின் உரிமை என ஏற்றும், பிறர் அதற்குப் பணம் கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர் என்போரும் உளர். ஆதலின் இந்த இரண்டாம் கேள்வியைத் தனியே எடுத்து ஆராய்தல் போதகர்க்கும் இறையியல் மாணவர்க்கும் பயனளிக்கும்.

1. சட்டத்தின் வரலாறு

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘மெடிக்கெய்டு’ என்னும் மருத்துவ உதவித் திட்டம் தோன்றியது. வருவாய் குறைந்தோரின் மருத்துவச் செலவை நடுவண் அரசும் மாநில அரசுகளும் பகிர்ந்து ஏற்பதே அத்திட்டம். 1973 சனவரி 22ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ‘ரோ எதிர் வேட்’ வழக்கில் கருக்கலைப்பைப் பெண்ணின் அரசியலமைப்பு உரிமையாக அறிவித்தது. அதன்பின் மெடிக்கெய்டு திட்டம் ஏனைய சிகிச்சைகளைப் போன்று இதற்கும் பணம் செலுத்திற்று. ஆண்டொன்றுக்கு 2,50,000 முதல் 3,00,000 வரையிலான கருக்கலைப்புகளுக்கு இவ்வாறு நிதி வழங்கப்பட்டதாக அரசுத் துறை அக்காலத்தில் மதிப்பிட்டது.

இல்லினாய்ஸ் மாநிலத்தினின்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஹென்றி ஹைட் என்பவர் 1976இல் காங்கிரசின் பிரதிநிதிகள் அவையில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெக்காரணத்துக்காகவும் நடுவண் அரசின் மருத்துவ உதவிப் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடலாகாது என்பதே அதன் சாரம். அது அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் நிறைவேறியது. வழக்குகளின் காரணமாக 1977 ஆகஸ்டு மாதத்திலேயே நடைமுறைக்கு வந்தது.

‘திருத்தம்’ என்னும் சொல் சிலரை மயங்கச் செய்யலாம். இஃது அரசியலமைப்புச் சட்டத் திருத்தமன்று, நிலையான சட்டமுமன்று. ஆண்டுதோறும் நிறைவேற்றப்படும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவோடு இணைக்கப்படும் ஒரு நிபந்தனையே. எனவே ஒவ்வோர் ஆண்டும் அதனைப் புதுப்பிக்க வேண்டும். 1976 முதல் இன்றுவரை தவறாமல் அது புதுப்பிக்கப்பட்டு வந்துள்ளது. விதிவிலக்குகள் மட்டும் காலந்தோறும் மாறின. 1977இல் வன்புணர்ச்சியாலும் முறைதகா உறவாலும் உண்டான கருவுக்கு விலக்களிக்கப்பட்டது. 1981இல் அவ்விலக்கு நீக்கப்பட்டது. 1993இல் மீண்டும் சேர்க்கப்பட்டது.

மாநிலங்கள் விரும்பினால் தம் சொந்தப் பணத்தைச் செலவிட இந்நிபந்தனை தடையாயிராது. கலிபோர்னியா, மாசசூசெட்ஸ் ஆகிய மாநிலங்களின் உயர்ந்த நீதிமன்றங்கள் 1981இலும், நியூ ஜெர்சியின் நீதிமன்றம் 1982இலும், தத்தம் மாநில அரசியலமைப்பின்படி ஏழைப் பெண்களுக்கு இவ்வுதவியை மறுக்கலாகாது எனத் தீர்ப்பளித்தன. இவ்வாறு ஒரே நாட்டில், வாழும் மாநிலத்தைப் பொறுத்து ஏழைப் பெண்ணின் நிலை வேறுபடலாயிற்று.

2022 சூன் 24ஆம் நாள் ‘டாப்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கிவிட்டது. அதன்பின் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கருக்கலைப்பையே ஏறக்குறைய முற்றிலும் தடைசெய்துள்ளன. அனுமதிக்கும் மாநிலங்களிலோ, செலவை ஏற்பவர் யார் என்னும் கேள்வி முன்போலவே நிற்கிறது.

2. காப்பீடு பற்றிய சட்டங்கள்

வரிப்பணத்தைப் பற்றிய வாதம் காலப்போக்கில் காப்பீட்டுக்கும் பரவியது. நடுவண் அரசின் ஊழியர்கள், படையினர், சிறையிலிருப்போர், அரசு மருத்துவப் பணியைச் சார்ந்து வாழும் பழங்குடியினர் ஆகியோருக்கும் இத்தகைய கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன.

2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம் இதனாலேயே தோல்வியுறும் நிலையை எட்டிற்று. தனியார் நிறுவனங்களின் காப்பீட்டுக்கு அரசு மானியம் வழங்குவது அச்சட்டத்தின் நோக்கம். மானியம் பெறும் காப்பீடு கருக்கலைப்பையும் உள்ளடக்கலாமா என்று கேட்கப்பட்டது. மிச்சிகன் மாநிலத்தின் பார்ட் ஸ்டூபாக் தலைமையில் ஆளுங்கட்சியினர் சிலரே எதிர்ப்புத் தெரிவித்தனர். முடிவில் ஓர் இணக்கம் காணப்பட்டது. அதன்படி, அத்தகைய காப்பீட்டை விற்கும் நிறுவனம் கருக்கலைப்புக்குரிய கட்டணத்தை, ஆளொன்றுக்கு மாதம் 1 டாலருக்குக் குறையாமல், தனியே கணக்கிட்டுத் தனி நிதியாக வைத்தல் வேண்டும். மாநிலங்கள் விரும்பினால் அதனை அச்சந்தையில் முற்றிலும் தடுக்கலாம். ஏறக்குறைய 25 மாநிலங்கள் அவ்வாறு தடுத்தன. மறுபுறம் கலிபோர்னியா, நியூ யார்க் முதலிய மாநிலங்கள், காப்பீடுகள் இச்செலவையும் ஏற்றாக வேண்டும் எனப் பணித்தன.

தனி நிதி என்னும் ஏற்பாடு மனச்சான்றை அமைதிப்படுத்துமா? பொதுக் களஞ்சியத்தில் சேர்ந்த பணத்தைப் பிரித்துக் காட்டுவது வெறும் கணக்குப் புத்தகத்தின் வேலையே என்று ஒரு சாரார் கூறுவர். ஒருவர் தம் மானியத்தையும் தம் கட்டணத்தையும் வெவ்வேறாகக் கருத முடியும் என்று மற்றொரு சாரார் கூறுவர். ஆராய்ந்து பார்ப்பின், பொருளாதாரத்தில் முன்னவர் கூற்றும், பொறுப்புணர்வைப் பற்றிய அளவில் பின்னவர் கூற்றும் ஓரளவு பொருந்துவனவாகும்.

3. நீதிமன்றத்தில் திருச்சபை

ஹைட் திருத்தத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தோருள் ஐக்கிய மெதடிஸ்டு திருச்சபையின் உலக அருட்பணிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் பிரிவும் ஒன்று என்பது நாம் அறிய வேண்டிய செய்தி. அவர்கள் இரண்டு சமய வாதங்களை முன்வைத்தனர். இத்திருத்தம் ஒரு குறிப்பிட்ட சபையின் கோட்பாட்டைச் சட்டமாக்குகிறது என்பது ஒன்று. தன் விசுவாசத்தின்படி மனச்சான்றோடு முடிவெடுக்கும் பெண்ணின் சமய உரிமையை அது பறிக்கிறது என்பது மற்றொன்று. கீழ்நீதிமன்ற நீதிபதி ஜான் டூலிங் இரண்டாம் வாதத்தை ஏற்று, 1980 சனவரியில் திருத்தம் செல்லாது என்றார்.

அவ்வாண்டு சூன் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ‘ஹாரிஸ் எதிர் மெக்ரே’ வழக்கில், ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில், அத்தீர்ப்பை மாற்றிற்று. பெரும்பான்மையோரின் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட். ஒரு பெண்ணின் வழியில் அரசு தானே தடையை வைக்கலாகாது. ஆனால் அரசு உண்டாக்காத தடையை நீக்க வேண்டிய கடமை அதற்கில்லை. வறுமை அத்தகைய தடையே என்பது அவருடைய தருக்கம். ஒரு சட்டம் ஏதோவொரு சமயத்தின் போதனையோடு ஒத்திருப்பதால் மட்டும் அது சமயத்தை நிறுவும் சட்டமாகிவிடாது என்றும் அவர் கூறினார். களவைச் சமயங்கள் கண்டிப்பதால், களவைத் தடுக்கும் சட்டம் செல்லாததாகிவிடாது அன்றோ? சமய உரிமை பற்றிய வாதத்தை, அதனை எழுப்பத் தக்க நிலையில் வழக்காடியோர் இல்லை எனக் கூறி நீதிமன்றம் ஆராயாது விட்டது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து இதே வாதம் எதிர்த்திசையினின்று எழுந்தது. 2014இல் கலிபோர்னியா அரசு, காப்பீட்டுத் திட்டங்கள் கருக்கலைப்பை விலக்கலாகாது எனக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அறிவித்தது. தம் ஊழியருக்குக் காப்பீடு செய்திருந்த சில புராட்டஸ்டன்டு சபைகள், இது தம் சமய உரிமையைப் பறிப்பதாக வழக்காடின. 2022இல் நடுவண் அரசின் கீழ்நீதிமன்றம் ஒன்று அவற்றின் பக்கம் தீர்ப்பளித்தது. பணம் மறுக்கப்பட்டதால் மனச்சான்று புண்பட்டது என்றனர் முன்னவர். பணம் கட்டாயமாக்கப்பட்டதால் புண்பட்டது என்றனர் பின்னவர். இரு சாராரும் அழைத்தது ஒரே உரிமையை. சீர்திருத்தத் திருச்சபையின் வழிவந்த நாம் மனச்சான்றின் உரிமையைப் போற்றுகிறோம். ஆயின் அவ்வுரிமை ஒன்றால் மட்டும் இச்சிக்கல் தீராது என்பதை இவ்விரு வழக்குகளும் காட்டுகின்றன.

4. இறையியல் நோக்கு

அ. வரி செலுத்துவோரின் பொறுப்பு. பவுல் அப்போஸ்தலன் ரோமர் 13:6, 7இல் வரியைச் செலுத்தும்படி கற்பித்தபோது, அப்பணம் ரோமப் பேரரசின் படைகளுக்கும் சென்றது. வரி செலுத்துபவர் அரசின் செயல் ஒவ்வொன்றுக்கும் கர்த்தாவல்லர் என்பது இதனால் விளங்கும். ஆயினும் மக்களாட்சியில் குடிமகன் ஆளப்படுபவன் மட்டுமல்லன்; ஆள்வோரைத் தேர்ந்தெடுப்பவனுமாவான். ஆகவே தன் பணம் எதற்குச் செலவாகிறது என வினவும் உரிமையும் கடமையும் அவனுக்குண்டு. போருக்கென விதிக்கப்பட்ட வரியைக் குறித்து ஜான் உல்மன் முதலிய குவேக்கர்கள் 1755இல் கலங்கியது இக்காரணம் பற்றியே. ஒரு சாராரின் கலக்கத்தை மதிப்பவர் மறுசாராரின் கலக்கத்தையும் எள்ளலாகாது.

ஆ. ஏழையின் நிலை. ஹைட் இவ்விடத்தில் ஒளிவுமறைவின்றிப் பேசினார். செல்வர், நடுத்தரத்தார், ஏழையர் ஆகிய அனைவரின் கருக்கலைப்பையும் தடுக்கவே தாம் விரும்புவதாகவும், தம் கைக்கு எட்டியது மெடிக்கெய்டு மசோதா ஒன்றே என்றும் அவர் 1977இல் கூறினார். தீமை என ஒன்றைக் கருதுபவர் தம்மால் இயன்ற இடத்தில் அதனைத் தடுப்பது முரணாகாது. எனினும் அதன் விளைவாக, சட்டத்தின் சுமை முழுவதும் வறியோர் மீதே இறங்கிற்று. பாப்டிஸ்டு சபையின் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராகவும் விளங்கிய குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரிடம் அவ்வாண்டு சூலையில் இது நியாயமா என வினவியபோது, செல்வர்க்கு இயன்று ஏழையர்க்கு இயலாதவை வாழ்வில் பலவுண்டு என்றும், அறநெறி சார்ந்த காரியத்தில் வாய்ப்புகளைச் சமமாக்க அரசு முனைய வேண்டியதில்லை என்றும் விடையளித்தார். உண்மையைக் கூறும் விடையே. ஆயினும் ஆமோஸ் தீர்க்கதரிசியைக் கற்றவர் இவ்விடையோடு நின்றுவிட இயலாது.

டீட்ரிக் பான்ஹாஃபர் தம் ‘ஒழுக்கவியல்’ நூலில் கருவை அழிப்பதைக் கொலை என்றே கண்டிக்கிறார். அதே இடத்தில், கொடிய வறுமையால் மனம் உடைந்து அச்செயல் நிகழுமாயின், குற்றம் அப்பெண்ணைக் காட்டிலும் சமுதாயத்தையே மிகுதியும் சாரக்கூடும் என்கிறார். பணமுடையவரின் பொறுப்பற்ற செயலைப் பணமே மறைத்துவிடும். ஏழையின் தயங்கிய தவறோ எளிதில் வெளிப்பட்டுவிடும் என்றும் அவர் சுட்டுகிறார். கருவிலுள்ள உயிரைப் பற்றி இத்துணை உறுதியாகப் பேசியவரே இதனையும் எழுதினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இ. ஓர் எண்ணின் இரு பொருள். மெடிக்கெய்டு உதவி மறுக்கப்படும்போது, அது கிடைத்திருந்தால் கருக்கலைப்பு செய்திருக்கக்கூடிய பெண்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் குழந்தையைப் பெற்றெடுக்கின்றனர் என ஆய்வுகளைத் தொகுத்தோர் மதிப்பிட்டுள்ளனர். இதனை இரு சாராரும் எடுத்துக்காட்டுவர். காக்கப்பட்ட உயிர்கள் என்பர் ஒரு சாரார். கட்டாயத்துக்குட்பட்ட பெண்கள் என்பர் மறு சாரார். ஆனால் ஏனைய மூவரையும் நாம் மறக்கலாகாது. அவர்கள் வாடகைக்கும் உணவுக்கும் வைத்திருந்த பணத்தைச் செலவிட்டோ, கடன் பெற்றோ, காலம் தாழ்த்தியோ அதனைச் செய்கின்றனர். நிதியை மறுப்பது அவர்களைத் தடுக்கவில்லை, மேலும் வறியவராக்கிற்று. பிறந்த அந்த ஒரு குழந்தையையும் அதன் தாயையும் பின்னர் யார் தாங்கினர் என்பதே திருச்சபை கேட்க வேண்டிய கேள்வி.

ஈ. மறுத்தலும் கொடுத்தலும். இங்கே ஒரு செய்தி கவனத்துக்குரியது. கருக்கலைப்புச் சிக்கலில் ஹைட்டின் எதிரணியினரான ஹென்றி வாக்ஸ்மன், 1980களில் ஏழைக் கருவுற்ற பெண்களுக்கும் சிசுக்களுக்கும் மெடிக்கெய்டு திட்டத்தை விரிவாக்க முயன்றபோது, ஹைட் அதற்குத் துணைநின்றார். இன்று அந்நாட்டுப் பிறப்புகளில் பத்தில் நான்குக்கு அத்திட்டமே பணம் செலுத்துகிறது. பேறுகாலத்துக்குப்பின் 60 நாளில் முடிந்த தாயின் உதவியை ஓராண்டாக நீட்டிக்க 2021ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பெரும்பாலான மாநிலங்கள் அதனை ஏற்றுள்ளன. ஓர் உயிரை அழிக்க என் பணத்தைக் கொடேன் என்பவர், அவ்வுயிரை வளர்க்க என் பணத்தைக் கொடுப்பேன் எனக் கூறும்போதே அவருடைய மறுப்பு அறமாகிறது. இல்லையேல் அது சிக்கனமாக மட்டுமே நின்றுவிடும்.

முடிவுரை

இச்சிக்கலில் கற்றறிந்த கிறிஸ்தவர்கள் இருபுறமும் நிற்கின்றனர். தென் பாப்டிஸ்டு பேரவையே 1971இல் சில நிலைமைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்தை வேண்டிற்று. 1980இல் தாயின் உயிரைக் காக்கும் நிலை தவிர ஏனையவற்றில் அதனைத் தடுக்கும் சட்டத்தை வேண்டிற்று. ஒரே சபை பத்தாண்டுக்குள் இவ்வாறு மாறியதை அறிந்தவர், தம் முடிவை உறுதியோடும், அதே வேளையில் தாழ்மையோடும் கூறுவர்.

நிதி வழங்கலாம் என்று கருதும் போதகர், பணம் கொடுத்ததோடு ஒரு பெண்ணுக்குச் செய்ய வேண்டிய கடமை முடிந்தது என எண்ணலாகாது. வறுமையால் மட்டும் தன் கருவை இழக்க நேரும் பெண் உண்மையில் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றவளல்லள். நிதி வழங்கலாகாது என்று கருதும் போதகரோ, மத்தேயு 23:4இல் ஆண்டவர் பிறர் தோளில் சுமையேற்றுவோரைக் குறித்துக் கூறிய எச்சரிக்கையைத் தம் சபையின் வரவு செலவுத் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கருவுற்று, கைவிடப்பட்டு, கையில் காசின்றி வரும் பெண்ணுக்கு அத்திட்டத்தில் ஓர் ஒதுக்கீடு உண்டா? அவள் பிள்ளை பள்ளி செல்லும் வயதுவரை அது நீடிக்குமா? அரசின் செலவைக் குறித்துத் திருச்சபை சொல்லும் சொல்லுக்கு, தன் செலவைக் குறித்து அது தரும் விடையே எடை சேர்க்கும்.