மூன்றாவது வீட்டு மனிதர்

அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்னும் நாவல் 1960ஆம் ஆண்டு வெளிவந்தது; அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசையும் பெற்றது. இனப்பாகுபாட்டையும் ஒரு நீதிமன்ற வழக்கையும் பற்றிய நாவலாகவே பலர் இதனை அறிவர். ஆனால், இதன் தொடக்கப் பகுதிகளில் நிறைந்திருப்பது சிறுவர்களின் அச்சம்தான்.

1930களில், அலபாமா மாநிலத்தில் உள்ள மேக்கோம் என்னும் கற்பனைச் சிற்றூரில் கதை நிகழ்கிறது. சிறுமி ஸ்கௌட்டும் அவளுடைய அண்ணன் ஜெம்மும் தந்தையோடு வாழ்கின்றனர். கோடை விடுமுறையில் டில் என்னும் நண்பனும் சேர்ந்துகொள்வான். மூன்று வீடுகள் தள்ளி இருக்கும் ரேட்லி வீட்டில் ஆர்தர் என்பவர் பல்லாண்டுகளாக வெளியே வராமல் அடைந்து கிடக்கிறார். அவரை எல்லாரும் ‘பூ’ என்கின்றனர். அது மலர் அன்று. ஆங்கிலத்தில் ஒருவரைத் திடுக்கிட வைக்க எழுப்பும் ஒலி!

பூ ஆறரை அடி உயரம், அணில்களையும் பூனைகளையும் பச்சையாகத் தின்பவர், அவர் கைகளில் எப்போதும் இரத்தக்கறை இருக்கும் என்றெல்லாம் ஜெம் வருணிக்கிறான். இத்தனைக்கும் அவன் அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ரேட்லி வீட்டு மரத்திலிருந்து பள்ளித் திடலில் விழும் கொட்டைகளை எந்தப் பிள்ளையும் தொடுவதில்லை. அவ்வீட்டு வளாகத்தில் விழுந்த பந்தை எவரும் எடுக்கப் போவதில்லை.

இந்த அச்சம் சிறுவர்களிடம் தானாக முளைக்கவில்லை. வதந்தி பரப்புவதில் வல்லவரான ஸ்டெஃபனி கிராஃபோர்ட் என்னும் அண்டைவீட்டுப் பெண்மணி போன்ற பெரியவர்களே அதற்கு விதை போட்டனர். அவரைப் பற்றி அறிந்தது குறையக் குறையக் கதை வளர்ந்தது. இருந்தும், சிறுவர்களால் அந்த வீட்டை விட்டு விலகவும் முடியவில்லை. அஞ்சினார்கள், அதே வேளையில் எட்டிப் பார்க்கவும் துடித்தார்கள்.

பிறகு, அவ்வீட்டு ஓரத்து மரப்பொந்தில் பொருள்கள் தோன்றத் தொடங்கின. முதலில் கிடைத்த சூயிங் கம்மை ஸ்கௌட் வாயில் போட்டதும், அதைத் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கச் சொன்னான் ஜெம். அடுத்தடுத்துப் பழைய நாணயங்கள், நூல் உருண்டை, சவர்க்காரத்தில் செதுக்கிய ஒரு சிறுவன், ஒரு சிறுமி. ஒருநாள் வேலியில் சிக்கிய கால்சட்டையை ஜெம் விட்டுவிட்டு ஓடினான். இரவில் திரும்பிச் சென்றபோது, அது தைக்கப்பட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. யாரோ தங்களைக் கவனித்துக்கொண்டிருப்பது அவனுக்கு மெல்லப் புரிந்தது. ஆர்தரின் அண்ணன் நேதன் அந்தப் பொந்தைச் சிமெண்டால் அடைத்தபோது, ஜெம் தங்கைக்குத் தெரியாமல் அழுதான். நாவலின் மிக நுட்பமான இடம் இதுவே. ஜெம்மின் பயம் அங்கே இரக்கமாக மாறிவிட்டது. ஆசிரியரோ அதை ஒரு சொல்லாலும் விளக்கவில்லை.

இறுதியில், இருளில் பிள்ளைகளைக் கொல்ல வந்த ஒருவனிடமிருந்து அவர்களைக் காப்பாற்றுபவர் ஆர்தர்தான். கதவோரம் வெளிறிய முகத்துடன் ஒடுங்கி நிற்கும் அவரை ஸ்கௌட் முதன்முறையாகக் காண்கிறாள். இப்போது அஞ்சி நிற்பவர் அவரே. தம்மை வீட்டில் கொண்டுபோய் விடுமாறு தாழ்ந்த குரலில் கேட்கிறார். அவள் அவரைக் கைபிடித்து இழுத்துச் செல்லவில்லை. அவருடைய கையை மடக்கச் சொல்லித் தன் கையை அதில் கோத்துக்கொள்கிறாள். ஸ்டெஃபனி சன்னல் வழியே பார்த்தால், ஆர்தர் ஒரு பெண்ணை மரியாதையுடன் அழைத்துச் செல்வதாகவே தோன்ற வேண்டும் என்பது அவள் எண்ணம்.