பெரும் பணிகளும் காலக் கணக்கும்

பூந்தமல்லியிலிருந்து போரூர் வழியாகச் சென்னைக்குள் பஸ்ஸில் சென்று படித்த மாணவர்கள் பல ஆண்டுகள் ஒரே கேள்வியைக் கேட்டு வந்தனர். சாலையின் நடுவே தகரத் தடுப்புகள். அவற்றினுள்ளே வரிசையாக எழும் கான்கிரீட் தூண்கள். குறுகிப்போன வழியில் நெருக்கியடித்து நிற்கும் வண்டிகள். "இது எப்பொழுது முடியும்?" என்பதே அக்கேள்வி. முதல் வகுப்புக்குப் பிந்திச் சென்று வாசலில் நின்றவனுக்கு அது வெறும் ஆவலால் எழுந்த கேள்வியன்று.

விடை கூற முற்படுவோர் பெரும்பாலும் தூண்களை எண்ணினர். "நூற்றுக்குத் தொண்ணூறு எழும்பிவிட்டது, இனி என்ன, ஆறு மாதம்!" என்றனர். எண்ணுவது தவறன்று. ஆனால் எதனை எண்ணுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதனைப் பற்றியே இன்று உங்களுடன் சிறிது பேச விரும்புகின்றேன்.

முதலில் பணியின் அளவை அறிந்துகொள்வோம். சென்னை மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்களைக் கொண்டது. மொத்த நீளம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2020 நவம்பர் 21-ஆம் நாள் அதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. அவற்றுள் நான்காம் வழித்தடம் கடற்கரையில் உள்ள கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை 26.1 கிலோமீட்டர் நீளம் செல்வது. கோடம்பாக்கம் வரை பூமிக்கடியில் சுரங்கம். அதன் மேற்கே தூண்களின்மீது பாலம். நம் பக்கத்து மக்கள் கண்டது இந்தப் பாலப்பகுதியைத்தான்.

ஒரு தூண் எவ்வாறு எழுகின்றது? முதலில் பூமியைத் துளைத்துப் பைல் இறக்குகின்றனர். பைல்களின் தலைகளைச் சேர்த்து ஒரு கனத்த கான்கிரீட் மேடை அமைக்கின்றனர். அதன்மேல் தூண், தூணின்மேல் தலைப்பகுதி, இரு தலைகளுக்கிடையே கர்டர், கர்டரின்மேல் தண்டவாளம், தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி, எல்லாவற்றுக்கும் பிறகு சிக்னல். ஒன்று முடியாமல் அடுத்தது இல்லை. கான்கிரீட் இறுகுவதற்கு வேண்டிய நாட்களை எந்த அதிகாரியின் உத்தரவும் இல்லாமற் செய்துவிட முடியாது.

இப்பொழுது ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். நூறு தூண்களில் தொண்ணூற்றைந்து எழும்பிவிட்டன; ஐந்து நிற்கவில்லை. அந்த ஐந்தும் ஒரு பெரிய சந்திப்பின் நடுவே இருக்கின்றன. அங்கே பூமிக்குள் ஒரு குடிநீர்க் குழாய் குறுக்கே ஓடுகிறது. அதனை மாற்றி அமைக்காமல் பைல் இறக்க வழியில்லை. அப்படியாயின் அங்கே நடந்தது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தா? செலவுக் கணக்கில் ஆம். இரயிலுக்கோ அந்த ஐந்து தூண் இடைவெளியைத் தாண்டும் வல்லமை இல்லை. மற்றத் தொண்ணூற்றைந்தும் வெயிலில் காத்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

ஆகவே பெரும் பணி என்பது வேலைகளின் குவியல் அன்று, வேலைகளின் சங்கிலி. ஒரு சங்கிலியும் அன்று, பின்னிப் பிணைந்த பல சங்கிலிகள். அவற்றுள் மிக நீண்ட சங்கிலி எதுவோ, அதுவே முடியும் நாளைத் தீர்மானிக்கிறது. மற்றவற்றில் சிறிது தாமதம் நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். இதில் ஒரு நாள் தவறினால் முழுப்பணியும் ஒரு நாள் தவறும்.

பொறுத்துக்கொள்ளலாம் என்றேன், அதற்கும் எல்லை உண்டு. பூந்தமல்லியில் பஸ் ஏறி ஆவடி ஸ்டேஷனுக்கு ஏழரை மணிக்கு வந்து சேரும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய இரயில் 7.45-க்கு என்று வைத்துக்கொள்வோம். பஸ் பத்து நிமிடம் பிந்தினால் அவளுக்கு நஷ்டமில்லை. கைவசம் பதினைந்து நிமிடம் இருக்கிறது. பதினாறு நிமிடம் பிந்தினாலோ, அடுத்த வண்டி 8.05-க்குத்தான். ஒரு நிமிடம் மிஞ்சியதற்கு இருபது நிமிடம் இழந்தாள். கட்டுமானத்திலும் இப்படியே. கர்டர் தூக்கும் பளுப்பொறி இந்த வாரம் இங்கே, அடுத்த வாரம் வேறிடத்தில். போக்குவரத்தை நிறுத்த இரவில் சில மணி நேரமே அனுமதி. அன்று தூண் தயாராகவில்லையெனில் முறை தவறிப்போகும். ஆழ்வார்திருநகருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே நான்காம், ஐந்தாம் வழித்தடங்கள் இரண்டும் ஒரே தூண்களின்மீது இரண்டு அடுக்காகச் செல்லுமாறு அமைத்திருக்கின்றனர். அத்தகைய இடத்தில் ஒரு தூண் பிந்தினால் பிந்துவது ஒரு வழித்தடம் மட்டும் அன்று.

இந்தச் சங்கிலிக் கணக்கை ஒழுங்கான முறையாக்கியது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்காவில் 1957-ஆம் ஆண்டு வாக்கில் டூபாண்ட் என்னும் இரசாயனக் கம்பெனியும் ரெமிங்டன் ராண்ட் கம்பெனியும் சேர்ந்து, ஆலைகளைக் கட்டுவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் இம்முறையை வகுத்தன. ஏறக்குறைய அதே சமயத்தில், 1958-இல், அந்நாட்டுக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதையொத்த வேறொரு முறையைக் கண்டது. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நாள், எதற்குப் பின் எது என்று எழுதிவிட்டால், எந்தச் சங்கிலி நீளமானது என்பதைக் கணக்கே காட்டிவிடும்.

இனி, நடந்த வேலையை எவ்வாறு அளப்பது? நம் நாட்டுப் பொதுப்பணித்துறையில் நெடுங்காலமாக அளவுப் புத்தகம் ஒன்று உண்டு. 'எம்-புக்' என்று மேஸ்திரிகளும் அறிவார்கள். நீளம், அகலம், உயரம் அளந்து, பொறியாளர் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம். நல்ல ஏற்பாடு; கண்ணால் மதிப்பிட்டுச் சொல்லும் பொய்க்கு அதில் இடமில்லை. ஆனால் எவ்வளவு நடந்தது என்று அது சொல்லுமேயன்றி, நடக்கவேண்டியது நடந்ததா என்று சொல்லாது.

செலவை வைத்து அளப்பது இன்னும் மோசம். ஆறு மாதத்தில் 10 கோடி ரூபாய்க்கு வேலை நடக்கவேண்டும் என்பது திட்டம். 9 கோடி செலவாகிவிட்டது. "தொண்ணூறு சதவீதம்!" என்று அறிக்கை போகிறது. நடந்த வேலையை அளந்து, திட்டத்தில் குறித்த விலையிலேயே மதிப்பிட்டால் 7 கோடிதான் தேறுகிறது. அப்படியானால் வேலை 3 கோடி பின்தங்கியிருக்கிறது. அன்றியும் 7 கோடி வேலைக்கு 2 கோடி அதிகம் செலவாகியிருக்கிறது. மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்தால்தான் உண்மை தெரியும். இரண்டை மட்டும் காட்டுகிறவர்களிடம் மூன்றாவதைக் கேளுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். 'பாதி முடிந்தது', 'முக்கால் முடிந்தது' என்பவற்றை நான் நம்புவதில்லை. பணியைச் சிறு சிறு கூறாகப் பிரித்து, முடிந்தால் ஒன்று, முடியாவிட்டால் பூஜ்யம் என்று எழுதுவதே நேர்மை. இது சற்றுக் கடுமையான முறைதான். ஆனால் கெட்ட செய்தியை முதல் மாதத்திலேயே சொல்லிவிடும். முதல் மாதத்தில் தெரிந்த தாமதத்துக்குப் பரிகாரம் உண்டு.

தாமதம் வரும் வழிகளில் சில முன்கூட்டியே தெரிந்தவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆயினும் அம்மூன்று மாதங்களுக்கும் மற்ற மாதங்களைப் போலவே வேலைநாட்களைக் குறித்துவைக்கும் அட்டவணைகள் உண்டு! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையே நீரில் நின்றது. வேறு சில எளிதில் தெரியாதவை. மெட்ரோவின் முதற் கட்டத்தில் சுரங்கப் பணியை ஏற்ற ஒப்பந்ததாரர் இடையிலே நீங்க, மிச்ச வேலைக்கு மறுபடியும் ஒப்பந்தம் செய்யவேண்டியதாயிற்று. 2015 ஜூன் 29-இல் கோயம்பேட்டிற்கும் ஆலந்தூருக்கும் இடையே மேம்பாலத்தில் இரயில் ஓடத் தொடங்கிற்று; முதற் கட்டத் திட்டத்தின் கடைசிச் சுரங்கப் பகுதி திறந்ததோ 2019 பிப்ரவரி 10-இல்.

பூந்தமல்லியில் 2025 மார்ச் 20-ஆம் நாள் முல்லைத் தோட்டம் வரை சோதனை வண்டி ஓடிற்று. ஓட்டுநர் இல்லாமல் இயங்கத்தக்க வண்டி அது. பாலத்தின்மேல் வண்டியைக் கண்டவர்கள் எல்லாம் முடிந்துவிட்டதென்றே மகிழ்ந்தனர். ஆனால் சோதனை ஓட்டத்திற்கும் மக்களை ஏற்றுவதற்கும் இடையே சிக்னல் சோதனை, பிரேக் சோதனை, வேகத்தில் வண்டி ஆடும் அளவின் சோதனை, இறுதியில் பாதுகாப்பு ஆணையரின் ஆய்வு என்று எத்தனையோ உண்டு. அவற்றைச் சாலையில் நிற்பவர் காண்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத இக்கடைசிக் கண்ணிகளுக்கு நாட்களை ஒதுக்காத அட்டவணை, தூண்கள் எவ்வளவு விரைவாக எழுந்தாலும் பொய்த்துப் போகும்.

இதனினும் கசப்பான பாடம் ஒன்று பூந்தமல்லிக்கு அருகிலேயே, செம்பரம்பாக்கம் ஏரியில் இருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து இணைப்புக் கால்வாய் வழியே அந்த ஏரிக்குக் கிருஷ்ணா நதி நீரும் வந்து சேர்கிறது. அந்நீரைக் கொணர 1983-இல் தமிழ்நாடும் ஆந்திரமும் உடன்படிக்கை செய்தன. ஆண்டுக்கு 12 ஆயிரம் மில்லியன் கன அடி நமக்கு என்று ஏற்பாடு. கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்குக் கால்வாய் வெட்டி, முதல் நீர் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டது 1996-இல். பதின்மூன்று ஆண்டுகள்! அதற்கிடையே 1993-இல் சென்னை மக்கள் குடத்துடன் லாரிகளின் பின்னே ஓடிய காட்சியை உங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

சரி, 1996-இல் கால்வாய் முடிந்ததா? மைல் கணக்கில் முடிந்தது. நீர்க் கணக்கில் முடியவில்லை. கரைகள் சேதமுற்றன, கசிவில் பெரும்பகுதி வழியிலேயே போயிற்று. விட்ட நீருக்கும் வந்த நீருக்கும் பொருத்தமே இல்லை. 2002-இல் சத்திய சாயி அறக்கட்டளை முன்வந்து, ஆந்திரப் பகுதியில் கால்வாயைச் செப்பனிட்டுக் கரைக்குக் கான்கிரீட் பூசும் பணியை ஏற்றது. அப்பணி நிறைவேறிய பின்னரே, கண்டலேற்றில் திறந்த நீரில் நம்பத்தக்க பங்கு பூண்டிக்கு வந்து சேரலாயிற்று.