லிடார்: ஒளி அளந்து சொல்லும் உயரங்கள்

வளிமண்டலத்தில் தூசியும் புகையும் எவ்வளவு உள்ளன என்பதை மட்டும் அறிந்தால் போதாது; அவை எந்த உயரத்தில் உள்ளன என்பதைப் பொறுத்தே அவற்றின் விளைவு அமைகிறது. தரையை ஒட்டித் தேங்கும் புகை நுரையீரலைத் தாக்குகிறது. அதே புகை வெண்மேகங்களுக்கு மேலே பரவினால், சூரிய ஒளியை உட்கவர்ந்து அந்த அடுக்கைச் சூடாக்குகிறது. 20 கிலோமீட்டர் உயரத்தை எட்டிய கந்தக அமிலத் துளிகளோ சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிப் புவியைக் குளிரச் செய்கின்றன. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்ததற்கு அடுத்த ஆண்டில், உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் குறைந்ததற்கு இத்துளிகளே காரணம். அவை எந்த உயரத்தில் பரவின, எவ்வளவு காலம் நீடித்தன என்பதைத் தொடர்ந்து அளந்த கருவிகளுள் முதன்மையானது லிடார்.

ரேடார் ரேடியோ அலைகளைக் கொண்டு செய்யும் பணியை லிடார் லேசர் ஒளியைக் கொண்டு செய்கிறது. நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் லேசர் துடிப்பு ஒன்று வானை நோக்கி அனுப்பப்படும்போது, காற்றின் மூலக்கூறுகளும் மிதக்கும் துகள்களும் அதன் மிகச் சிறு பங்கைப் பின்னோக்கிச் சிதறடிக்கின்றன; அந்த ஒளியைத் தொலைநோக்கி ஒன்று திரட்டி உணர்கருவிக்குள் செலுத்துகிறது. ஒளியின் வேகம் மாறாதது என்பதால், அது திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரமே உயரத்தைச் சொல்லிவிடுகிறது: நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு 150 மீட்டரைக் குறிக்கும். லேசர் உருவாக்கப்பட்ட 1960க்கு மூன்றே ஆண்டுகளில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபியோக்கோவும் ஸ்முல்லினும் ரூபி லேசரைக் கொண்டு மேல்வளிமண்டலத்திலிருந்து வந்த எதிரொளியைப் பதிவு செய்தனர்.

எதிரொளி வரும் உயரத்தை நேரம் காட்டுகிறதென்றால், அங்கிருக்கும் பொருள் எது என்பதை ஒளியின் பிற பண்புகள் காட்டுகின்றன. ஒளி அலைகள் ஒரே தளத்தில் அதிரும் நிலைக்குத் தளவிளைவு என்று பெயர்; உருண்டையான நீர்த்துளிகள் பின்னோக்கிச் சிதறடிக்கும் ஒளியில் அத்தளம் பெரும்பாலும் மாறுவதில்லை, ஒழுங்கற்ற வடிவமுள்ள பனிப்படிகங்களும் பாலைவனத் தூசியும் அதைக் குலைத்துவிடுகின்றன. ஆகவே ஒரு மேகம் நீரால் ஆனதா பனியால் ஆனதா என்பதைத் தரையிலிருந்தே கண்டறிய முடிகிறது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறலும் இங்கே பயன்படுகிறது. மூலக்கூறுகள் சிதறடிக்கும் ஒளியில் மிகச் சிறு பங்கு, அந்தந்த மூலக்கூறுக்கே உரிய அளவில் அலைநீளம் மாறி வெளிவருகிறது. 355 நானோமீட்டர் புறஊதா ஒளியை அனுப்பினால், நைட்ரஜனிலிருந்து 387 நானோமீட்டரிலும் நீராவியிலிருந்து ஏறத்தாழ 408 நானோமீட்டரிலும் எதிரொளி கிடைக்கிறது. காற்றில் நைட்ரஜனின் பங்கு நிலையானது என்பதால், இவ்விரண்டின் விகிதத்தைக் கொண்டு ஒவ்வோர் உயரத்திலும் உள்ள நீராவியின் அளவைக் கணக்கிடலாம். இந்த எதிரொளி மிகவும் மங்கலானது; பகல் வெளிச்சம் அதை எளிதில் மறைத்துவிடும் என்பதால் இரவு அளவீடுகளே மேலும் உயரம் எட்டுகின்றன.

காற்றின் வேகத்தை அளக்க டாப்ளர் விளைவு உதவுகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் விலகும் காற்று, எதிரொளியின் அலைநீளத்தைப் பதினைந்து கோடியில் ஒரு பங்கே மாற்றுகிறது. அத்தகைய நுண்ணிய மாற்றத்தை விண்வெளியிலிருந்தே அளக்க, ஐரோப்பிய விண்வெளி முகமை 2018இல் ஏயோலஸ் செயற்கைக்கோளை ஏவியது. கடல்களுக்கு மேலே அது திரட்டிய காற்றளவீடுகள் வானிலைக் கணிப்பை மேம்படுத்தின.

லிடாருக்கு எல்லைகளும் உண்டு. அடர்ந்த மேகத்தை லேசர் ஊடுருவாது. மழையின்போது தரைக் கருவியை மூடி வைக்க வேண்டும். எனவே உலகப் பரப்பை விண்வெளிக் கருவிகளும், ஓர் இடத்தின் நீண்டகால மாற்றத்தைத் தரை நிலையங்களும் கவனிக்கின்றன. திருப்பதிக்கு அருகே கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தில் 1990களின் இறுதியிலிருந்து லிடார் ஆய்வு நடந்துவருகிறது. பருவமழையும் வெப்பமும் கோடிக்கணக்கானோரின் வாழ்வை நிர்ணயிக்கும் வெப்பமண்டலத்தில், இத்தகைய அளவீடுகள் இடையறாது தொடர்வது இன்றியமையாதது. ஏனெனில் மெதுவாக நிகழும் காலநிலை மாற்றத்தை நீண்ட பதிவுகளே வெளிப்படுத்த முடியும்.