எதிராளி போட்ட நாற்காலி

சடுகுடு ஆட்டம் தொடங்கப் போகிறது. மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் போட்டி. கோடு கிழித்தாகிவிட்டது, கூட்டமும் கூடிவிட்டது. "நடுவர் எங்கே?" என்று கேட்கிறார்கள் கீழத்தெருக்காரர்கள். "இதோ!" என்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் மேலத்தெருக்காரர்கள். "இவரைத் தேடிப் பிடித்தவர்கள் நாங்கள். இவருக்குக் கூலி தருபவர்கள் நாங்கள். இவர் ஊதும் ஊதல்கூட எங்கள் பணத்தில் வாங்கியதுதான். நாலு ஆட்டம் முடிந்ததும், ஐந்தாவது ஆட்டத்துக்கு இவர் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறவர்களும் நாங்களே! ஆனால் கவலை வேண்டாம். ஐயா மிக நல்லவர், யார் பக்கமும் சாயமாட்டார்!"

கீழத்தெரு இளைஞர்கள் களத்தில் இறங்குவார்களா? கைகொட்டிச் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்!

களத்திலே கேலிக்குரியதாகிவிடும் இந்த ஏற்பாடு, சட்டப் புத்தகத்தில் ஏறி அமர்ந்துவிட்டால் மட்டும் கண்ணியம் பெற்றுவிடுகிறது. தீர்ப்பாயம் என்று அதற்குப் பெயர் சூட்டுகிறோம். அரசாங்கத்தின் மீது ஊழியன் வழக்குத் தொடுக்கிறான். அந்த வழக்கைக் கேட்க வருபவரை நியமிப்பது அரசாங்கம். சம்பளம் நிர்ணயிப்பது அரசாங்கம். பதவி நீடிக்குமா என்பதும் அரசாங்கத்தின் கையில்! அங்கே அமர்ந்தவர்களில் அரசுக்கு எதிராக அஞ்சாமல் தீர்ப்பு எழுதியவர்கள் பலர் உண்டு. அவர்களை நான் குறை கூறவில்லை. அவர்கள் அமர்ந்த நாற்காலியைப் போட்ட கை யாருடையது என்றுதான் கேட்கிறேன்.

மத்திய அரசு ஊழியர் வழக்கு என்றால், பங்களாவில் வாழும் அதிகாரிகளின் பதவி உயர்வுச் சண்டை என்று சிலர் எண்ணக்கூடும். அதுவும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வாசலில் நிற்பவர் யார் யார் என்று பாருங்கள்! வெயிலிலும் மழையிலும் சுத்தியலைத் தோளில் சுமந்து தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்து நடக்கும் ரயில்வே தொழிலாளி. சைக்கிள் மிதித்துச் சிற்றூருக்குக் கடிதம் கொண்டுபோகும் கிராமத் தபால் ஊழியர். கணவனைப் பறிகொடுத்து, குடும்ப ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலையும் கைம்பெண். இவர்களுக்கு எதிராளி யார்? இந்தியப் பேரரசு! கோப்பும் அதனிடம், கருவூலமும் அதனிடம், வழக்கறிஞர் பட்டாளமும் அதனிடம்!

இந்த ஏற்பாடு பிறந்த ஆண்டைக் கவனியுங்கள்: 1976. நெருக்கடி நிலை நாட்டைக் கவ்வியிருந்த காலம். எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், ஏடுகளுக்குத் தணிக்கை. அந்த நேரத்தில் நிறைவேறியது அரசமைப்புச் சட்டத்தின் 42-வது திருத்தம். அதன் வழியே நுழைந்தவை 323-ஏ, 323-பி என்னும் இரண்டு பிரிவுகள். பிறகு 1985-ல் நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் கதவைத் திறந்தது.

நல்லதைச் சொல்லத் தயங்கக்கூடாது. மனுவுக்குக் கட்டணம் ஐம்பதே ரூபாய் என்று வைத்தார்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் நெளிவு சுளிவுகளில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை, இயற்கை நீதியின்படி நடந்தால் போதும் என்று எழுதினார்கள். வழக்கறிஞர் வைக்கலாம், வைக்காமல் தாமே வாதாடவும் செய்யலாம் என்றார்கள். காசில்லாதவனுக்கும் கதவு திறக்கும் என்ற எண்ணம் அதில் இருந்தது, பாராட்டுவோம்.

ஆனால் முன்கதவைத் திறந்தவர்கள் பின்கதவைப் பூட்டினார்கள். தீர்ப்பாயம் தவறிழைத்தால் உயர்நீதிமன்றத்துக்குப் போக முடியாது. டெல்லிக்குத்தான் போகவேண்டும், உச்சநீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி கேட்டு! ஐம்பது ரூபாயில் வழக்குத் தொடுத்தவன், அடுத்த படிக்கு ஐம்பதாயிரத்துக்கு எங்கே போவான்? 1997 மார்ச் 18-ஆம் நாள்தான், எல். சந்திரகுமார் வழக்கில் ஏழு நீதிபதிகள் ஒன்றுகூடி அந்தப் பூட்டை உடைத்தார்கள். உயர்நீதிமன்றத்தின் ஆய்வு அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது, அதை எந்தத் திருத்தமும் பறிக்க இயலாது என்றார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து உடைந்த பூட்டு!

உடைந்ததோடு முடிந்ததா? படைவீரன் கதையைக் கேளுங்கள். 2007-ல் படையினர் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. சென்னையிலும் அதற்கு ஓர் அமர்வு உண்டு. அங்கே தோற்றால்? உச்சநீதிமன்றம் போகலாம், ஆனால் பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி வழக்கில் இருக்கவேண்டும் என்று நிபந்தனை. பனிமலையில் காவல் நின்று காலில் ஊனம்பட்ட சிப்பாய்க்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது என்றால், அது அவன் குடும்பத்துக்கு உலகப் பிரச்சினை. சட்டத்தின் கண்ணுக்குப் பொது முக்கியத்துவம் இல்லாத ஒன்று! அப்படியானால் உயர்நீதிமன்றமாவது கேட்கட்டும் என்று சென்றார்கள் வீரர்கள். கேட்கக்கூடாது என்று 2015 மார்ச்சில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மறுபடியும் பூட்டு! மூன்று நீதிபதிகள் கூடி, உயர்நீதிமன்றத்தின் அதிகாரம் அப்படியெல்லாம் அற்றுப்போகாது என்று தெளிவாக்கியது 2023 மார்ச்சில். இடைப்பட்ட எட்டாண்டுகளில் முறையிட வழி தெரியாமல் ஊர் திரும்பியவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஊனத்தின் அளவைக் கணக்கிட்டுத் தரும் ஓய்வூதியத்தை மேல்நோக்கிச் சரிசெய்து வழங்கும் சலுகை, இடையில் அனுப்பப்பட்டவனுக்குத்தான் உண்டு, பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவனுக்கு இல்லை என்று மத்திய அரசு வாதாடியது. வீரர்கள் வென்ற வழக்குகளை எதிர்த்து அடுக்கடுக்காக மேல்முறையீடு செய்தது. 2014 டிசம்பரில் அத்தனையையும் ஒருசேரத் தள்ளுபடி செய்தது உச்சநீதிமன்றம். வீரவணக்கம் பாட ஒரு நாள். வீரனை வழக்குமன்றத்துக்கு இழுக்க மற்ற நாளெல்லாம்!

அடுத்து, மொழி. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கென 1987-ல் நடைமுறை விதிகள் வகுத்தார்கள். அதன்படி தீர்ப்பாயத்தின் மொழி ஆங்கிலம். விரும்புவோர் ஆவணங்களை இந்தியில் தரலாம். அமர்வு இசைந்தால் நடவடிக்கையில் இந்தியைப் பயன்படுத்தலாம். தமிழில்? தமிழ்நாட்டுக்கும் புதுவைக்கும் உரிய அமர்வு, சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. வெளியே தெருவில் தமிழ், பேருந்தில் தமிழ், வாசலில் தேநீர் விற்பவர் வாயில் தமிழ். உள்ளே மட்டும் தமிழுக்கு விதியில் இடமில்லை! வடக்கேயிருந்து வந்து சென்னையில் பணியாற்றும் ஊழியர் தம் தாய்மொழியில் ஆவணம் தரலாம். நாங்குநேரியில் பிறந்து நாங்குநேரியிலேயே தபால் சுமந்தவர் தம் தாய்மொழியில் தர முடியாது. தாமே வாதாடலாம் என்று சட்டம் அவருக்குச் சொன்னதே, எந்த மொழியில் வாதாடுவார்? மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் பணத்தையும், வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தையும், குமரி முனையிலிருந்து எழுநூறு கிலோமீட்டர் வந்துபோகும் செலவையும் கூட்டிப் பாருங்கள். அந்த ஐம்பது ரூபாய்க் கட்டணம் எவ்வளவு பெரிய வேடிக்கை என்பது விளங்கும். காணொலியில் வாதாடலாமே என்பார்கள். ஆடலாம், படம் மட்டும் ஊருக்கு வரும், மொழி வராது!

இத்தனைக்கும் இதற்கு அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. நடைமுறை விதியை வகுத்தது மத்திய அரசு. அதில் இரண்டு வரி சேர்க்கவும் மத்திய அரசால் முடியும். அந்தந்த மாநில மொழியில் மனுவும் ஆவணமும் ஏற்கப்படும், மொழிபெயர்ப்புச் செலவு தீர்ப்பாயத்தைச் சேர்ந்தது, அவ்வளவே!

நம் வீட்டையும் பார்ப்போம். தமிழக அரசு ஊழியர்களுக்கென 1988-ல் மாநிலத் தீர்ப்பாயம் ஒன்று சென்னையில் அமைந்தது. பிறகு அது மூடப்பட்டு, வழக்குகள் உயர்நீதிமன்றத்துக்கே திரும்பின. 2004-ல் மதுரைக் கிளை திறந்துவிட்டதால் தென்மாவட்டத்து ஊழியர்களுக்குப் பயணம் குறைந்தது என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே வழக்குச் சுமையால் திணறும் மன்றத்தின் தோளில் இன்னொரு மூட்டை! அரசு, அது எந்த அரசாயினும், தன் ஊழியனோடு இத்தனை வழக்காடவேண்டுமா என்று கேட்பவர்கள் குறைவு.

சிலம்பு ஏந்திய கண்ணகியை நினைத்துப் பார்க்கிறேன். கேட்பாரும் கேள்வியுமின்றிக் கணவனைக் கொன்றார்கள். அது ஆட்சியின் குற்றம். ஆனால் அவள் அரண்மனை வாயிலுக்கு வந்தபோது மொழிபெயர்ப்பு கொண்டுவா என்று வாயிற்காவலன் சொல்லவில்லை. அடுத்த மாதம் வா என்று மன்னனும் சொல்லவில்லை. அன்றே கேட்டான், சிலம்பை உடைக்கக் கண்டான், தன் தீர்ப்பே தவறென்று உணர்ந்து உயிரை விட்டான். எதிராளியும் அவனே, நடுவரும் அவனே! இருந்தும் நீதி பிழைத்தது. காரணம், அவன் பாண்டியன் நெடுஞ்செழியன். இன்றைய அமைச்சகச் செயலாளர்கள் அனைவரையும் நெடுஞ்செழியன்களாகக் கருதிக்கொண்டு சட்டம் எழுத முடியுமா?

இங்கிலாந்துக்காரன் அப்படிக் கருதவில்லை. அங்கே கிரிச்சல் டவுன் என்ற இடத்தில், குண்டுவீச்சுப் பயிற்சிக்காக அரசு வாங்கிய 725 ஏக்கர் நிலத்தை, தேவை முடிந்தபின் பழைய குடும்பத்துக்குத் திருப்பி விற்காமல் அதிகாரிகள் தம் விருப்பம்போல் கையாண்டார்கள். கொதித்தது நாடு. வேளாண் அமைச்சர் தாமஸ் டக்டேல் 1954-ல் பதவி விலகினார். அந்தக் கொதிப்பின் விளைவாக அமைந்த பிராங்க்ஸ் குழு 1957-ல் அறிக்கை தந்தது. வெளிப்படை, நேர்மை, நடுநிலை — இம்மூன்றும் தீர்ப்பாயத்துக்கு வேண்டும் என்றது. தீர்ப்பாயம் நீதி வழங்கும் கருவி, அதை நிர்வாகத்தின் உறுப்பாகக் கருதக்கூடாது என்றது. அதே இங்கிலாந்து 2013-ல் சறுக்கியது! தொழிலாளி வேலைத் தீர்ப்பாயத்தில் வழக்காட 1,200 பவுன் வரை கட்டணம் என்றார்கள். மூன்றில் இரண்டு பங்கு வழக்குகள் காணாமற் போயின. யூனிசன் என்ற தொழிற்சங்கம் வழக்குத் தொடுக்க, 2017 ஜூலையில் கட்டணம் செல்லாது என்றது அந்நாட்டு உச்சநீதிமன்றம்; வசூலித்த பணம் திருப்பித் தரப்பட்டது.

நம் நாட்டில் யூனிசனின் வேலையைச் செய்தது சென்னையிலிருந்து சென்ற மெட்ராஸ் பார் அசோசியேஷன். தீர்ப்பாயங்களின் தன்னுரிமைக்காக அது தொடுத்த வழக்குகள் ஒன்றல்ல, இரண்டல்ல! 2010-ல் ஒரு தீர்ப்பு, 2014-ல் ஒரு தீர்ப்பு, அதில் தேசிய வரித் தீர்ப்பாயமே செல்லாமற் போயிற்று, 2020-ல் ஒன்று. பதவிக்காலம் நான்கே ஆண்டு, ஐம்பது வயது நிரம்பாதவர் வரக்கூடாது என்று 2021 ஏப்ரலில் அவசரச் சட்டம் வந்தது. ஜூலை 14-ல் அதை அடித்து நொறுக்கியது உச்சநீதிமன்றம். ஒரு மாதம்கூட முடியவில்லை; ஆகஸ்ட்டில் அதே நான்காண்டு, அதே ஐம்பது வயது, புதுச் சட்டையில்! ஒவ்வொரு இடத்துக்கும் தேர்வுக் குழு இரண்டு பெயர் தரவேண்டுமாம். அரசு தனக்குப் பிடித்த பெயரைப் பொறுக்கிக்கொள்ளுமாம்! நான்காண்டில் போகவேண்டியவர், மீண்டும் வரவேண்டுமானால் யாருடைய முகத்தைப் பார்ப்பார்? நாற்பது வயதில் தொழில் செழிக்கும் வழக்கறிஞர் வர முடியாது. வருபவர் ஓய்வுக்குப் பின் ஓர் இடம் தேடுபவராகவே இருப்பார். (போகிற போக்கில் அந்த அவசரச் சட்டம், திரைப்படத் தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தையும் ஒழித்துக்கட்டியது. கடன் வாங்கிப் படமெடுத்தவன் இனித் தணிக்கையின் கத்தரியை எதிர்த்து உயர்நீதிமன்றப் படி ஏறட்டும் என்ற கருணை!)

மறுபடியும் சென்றது மெட்ராஸ் பார் அசோசியேஷன். 2025 நவம்பர் 19-ஆம் நாள், அந்தச் சட்டத்தின் நியமனம், பதவிக்காலம் பற்றிய முக்கியப் பிரிவுகளை உச்சநீதிமன்றம் செல்லாதென்றது. நீதிமன்றம் அடித்ததைச் சொல் மாற்றி மீண்டும் கொண்டுவருவது சட்டமாகாது என்றது. தேசியத் தீர்ப்பாய ஆணையம் ஒன்றை நிறுவ மத்திய அரசுக்குக் கெடுவும் விதித்தது.

தீர்ப்பாயங்களை அமைச்சகங்களின் பிடியிலிருந்து விடுவித்துத் தனி அமைப்பொன்றின் கீழ் வையுங்கள் என்று 1997-லேயே அந்த ஏழு நீதிபதிகள் கூறியிருந்தனர். இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே பேச்சு! இனிப் பார்க்கவேண்டியது ஆணையத்தின் பெயர்ப்பலகையை அல்ல. அதில் யார் யார் உட்காருகிறார்கள், அவர்களை அனுப்புவது யார், மாநிலங்களுக்கு அதில் ஓர் இருக்கையேனும் உண்டா என்பதை. நிதியமைச்சகத்திலிருந்து ஒருவர், பணியாளர் துறையிலிருந்து ஒருவர், வழக்கில் நிற்கும் துறையிலிருந்து ஒருவர் என்று செயலாளர்களே அங்கும் நிரம்பினால், நாங்குநேரி தபால்காரர் மறுபடியும் மேலத்தெரு நடுவர் முன்தான் நிற்பார். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்தக் கேள்வியை எழுப்பும்போது, அந்த 1987 விதியையும் கையோடு எடுத்துப் போகட்டும்.