பட்டியலில் உங்கள் பிள்ளையின் பெயர்

உங்கள் மகள் அடுத்த ஆண்டு பள்ளிக்கு வரமாட்டாள் என்று ஓர் இயந்திரம் இன்றைக்கே முன்னுரைத்தால் என்ன செய்வீர்கள்? இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. நம்மில் பலர் பிழைப்பைத் தேடிக் குடியேறிய ஆந்திர மாநிலத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய கணிப்பு நடைமுறைக்கு வந்தது.

ஆந்திர அரசும் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இணைந்து, படிப்பைப் பாதியில் நிறுத்தக்கூடிய மாணவர்களை முன்கூட்டியே கண்டறியும் திட்டமொன்றைத் தொடங்கின. விசாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 2018-19 கல்வியாண்டில் ஏறக்குறைய 19,500 அரசுப் பள்ளி மாணவர்கள் விலகக்கூடும் என்று அந்தச் செயற்கை நுண்ணறிவு கணித்தது. அத்திட்டம் மாநிலத்தின் 10,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளையும் சுமார் 50 இலட்சம் மாணவர்களையும் கருத்தில் கொண்டது. ஆகவே சித்தூரிலும், 2022-இல் தனி மாவட்டமான திருப்பதியிலும் வாழ்கிற நமக்கு இது அயலார் செய்தி அன்று.

இயந்திரம் எதைப் பார்க்கிறது?

மாணவரின் மதிப்பெண், பாலினம், குடும்பத்தின் பொருளாதார நிலை, பள்ளியின் வசதி, ஆசிரியரின் திறன் ஆகிய விவரங்களை அது சேர்த்து ஆராய்கிறது. முன்பு படிப்பை விட்டுச் சென்றவர்களின் விவரங்களோடு யாருடைய விவரங்கள் ஒத்துப்போகின்றனவோ, அவர்களுடைய பெயர்களைப் பட்டியலில் சேர்க்கிறது. பிள்ளையின் முகத்தை அது அறியாது; அவளுடைய ஆசையையும் அறியாது.

அந்த ஆய்வில் வெளிப்பட்ட காரணங்கள் நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. போதிய கழிப்பறை இல்லாத பள்ளிகளிலிருந்து பெண்பிள்ளைகள் விலகினார்கள். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் பின்தங்கியவர்கள் நம்பிக்கை இழந்து நின்றுவிட்டார்கள். கழிப்பறை கட்டாதது பிள்ளையின் குற்றமா? குறை பள்ளியில் இருக்க, பட்டியலில் ஏறுவதோ பிள்ளையின் பெயர். இங்கேதான் அறம் பற்றிய கேள்வி எழுகிறது.

நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பாடப்புத்தகத்தில் ஆங்கிலம். தகப்பன் மாம்பழக்கூழ் ஆலையிலோ தங்கும் விடுதியிலோ வேலை செய்கிறார். வேலை மாறினால் வீடும் மாறுகிறது. இப்படிப்பட்ட பிள்ளை ஆங்கிலத்தில் குறைந்த மதிப்பெண் வாங்குவது அறிவுக் குறைவினால் அன்று. ஆனால் எண்களை மட்டும் பார்க்கும் இயந்திரத்துக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

தவறிய கணிப்புகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் இதைப் போன்ற முன்னெச்சரிக்கை முறையைப் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தியது. 2023-இல் 'தி மார்க்கப்' என்னும் செய்தி நிறுவனம் அதை ஆராய்ந்தது. உரிய காலத்தில் பள்ளியை முடிக்கமாட்டார்கள் என்று குறிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினரைப் பற்றிய கணிப்பு தவறாகிவிட்டது. வெள்ளையரைவிடக் கறுப்பின மாணவர்களைப் பற்றியே அது அதிகமாகத் தவறியது.

நம் ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. 1888-இல் எளிய குடும்பத்தில் பிறந்த சிறுவன் ஒருவன், திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தான்; உதவித்தொகைகளின் துணையோடு மேலே கற்றான். அவரே 1962-இல் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணன். குடும்ப வருமானத்தை வைத்து எந்தப் பட்டியல் இதை முன்னுரைத்திருக்கும்? ஈசாயின் குமாரர்களில் ஆடு மேய்க்கப் போயிருந்த கடைசிப் பிள்ளையைச் சொந்த வீட்டாரே கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் நாம் அறிவோம்.

நாம் செய்யவேண்டியது

இயந்திரமே கூடாது என்பது நம் கருத்தன்று. பட்டியலைக் கண்ட ஆசிரியர் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, 'என்ன கஷ்டம்?' என்று விசாரித்தால் அது நல்ல கருவி. 'இவள் எப்படியும் நின்றுவிடுவாள்' என்று கடைசி வரிசையில் உட்கார வைத்தால் அதே கருவி தீங்காகும். அப்போது கணிப்பே தன்னை நிறைவேற்றிக்கொள்ளும்.

ஆகையால் பெற்றோர் கூட்டத்தில் மூன்று காரியங்களைப் பணிவோடும் துணிவோடும் கேளுங்கள். என் பிள்ளையைப் பற்றி என்னென்ன விவரங்கள் சேர்க்கிறீர்கள்? அவற்றை யார் பார்க்கிறார்கள்? தவறு இருந்தால் யாரிடம் சொல்லித் திருத்துவது? 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தை வலியுறுத்துகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கல்வி நிலையங்களுக்குச் சில விலக்குகளும் அவற்றில் உண்டு. ஆகவே நாம் கேட்காமல் இருந்துவிடலாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாலையில் பிள்ளையின் அருகே உட்காருங்கள். 'இன்று பள்ளியில் எது கடினமாயிருந்தது?' என்று கேளுங்கள். எந்த இயந்திரத்துக்கும் கிடைக்காத பதில் உங்களுக்குக் கிடைக்கும்.