பயணத்தில் பசுந்தேநீர் கசப்பது ஏன்?

சீனாவில் நெடுந்தூர ரயிலில் ஏறினால், பெட்டியின் ஒரு கோடியில் வெந்நீர்க் கொதிகலன் இருப்பதைக் காணலாம். பயணிகள் மூடியிட்ட குவளைகளுடன் அங்கே வந்து நீர் பிடித்துச் செல்வார்கள். வெந்நீருக்குக் காசு இல்லை. தேயிலை அவரவர் பையிலிருந்து வரும். பலர் போடுவது பசுந்தேயிலை. பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்.

இதைப் பார்த்துப் புதிதாக ஒருவர் தாமும் அப்படியே செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மடக்கிலேயே முகம் சுளிக்கிறார். வீட்டில் மணமாக இருந்த அதே இலை இங்கே கசக்கிறது. நாக்கை இழுத்துப் பிடிக்கிறது. குற்றம் யாருடையது? இலையினுடையதா, நீரினுடையதா?

இலைக்குள் இருப்பவை

தேயிலைச் செடி ஒன்றுதான். கறுப்புத் தேயிலை, பசுந்தேயிலை இரண்டும் அதிலிருந்தே கிடைக்கின்றன. பறித்த இலையைக் கசக்கி வைத்தால், அதிலுள்ள நொதி காற்றின் ஆக்சிஜனுடன் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும். இலை செம்பழுப்பாக மாறும். பறித்த சிறிது நேரத்திலேயே சூடேற்றினால் நொதி செயலிழந்துவிடும். பச்சை நிறம் நிலைக்கும். இதற்காகச் சீனர்கள் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுக்கிறார்கள். ஜப்பானியர்கள் நீராவியில் வேகவைக்கிறார்கள்.

நொதி வேலை செய்யாததால், பசுந்தேயிலையில் 'கேட்டிகின்' என்னும் பொருள்கள் மிகுதியாகத் தங்கிவிடுகின்றன. கசப்பும் துவர்ப்பும் தருபவை முக்கியமாக இவையே. 1929-இல் இவற்றுள் ஒன்றைப் பசுந்தேயிலையிலிருந்து பிரித்தெடுத்தவர் மிச்சியோ சுஜிமுரா என்னும் ஜப்பானியப் பெண் விஞ்ஞானி. இலையில் 'தியானின்' என்ற அமினோ அமிலமும் உண்டு. தேநீரின் இதமான சுவைக்கு இது ஒரு காரணம்.

தியானின் மிதமான சூட்டிலேயே எளிதில் கரைந்துவிடும். கேட்டிகின்களோ நீர் சூடாக இருக்க இருக்க அதிகமாக வெளிவரும். கொதிநீரை நேரே ஊற்றினால், இதமும் கசப்பும் ஒன்றாக இறங்கி, கசப்பே வென்றுவிடும். 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை ஆறிய நீர் பல வகைப் பசுந்தேயிலைகளுக்கு ஏற்றது. 200 மில்லி லிட்டர் நீருக்கு 2 கிராம் இலையும், ஓரிரு நிமிடங்களும் போதும்.

சுவையா, பாதுகாப்பா?

அப்படியானால் குழாயில் வரும் வெதுவெதுப்பான நீரிலேயே இலையைப் போடலாமா? கூடாது! தேயிலை கிருமிநாசினி அன்று. வெளியூர் நீரில் வயிற்றுப்போக்கு, டைபாய்டு முதலியவற்றின் கிருமிகள் இருக்கக்கூடும். நீரை நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவைக்க வேண்டும். மலைப் பகுதிகளில் காற்றழுத்தம் குறைவு. சுமார் 1,900 மீட்டர் உயரத்திலுள்ள சீனாவின் குன்மிங் நகரில், நீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம் கொதிக்கவிடுவது நல்லது.

சுவைக்கும் பாதுகாப்புக்கும் உண்மையில் சண்டையே இல்லை. முதலில் கொதிக்க வேண்டும், பிறகு ஆற வேண்டும், அதன்பின்பே இலை. தூய்மையான இரண்டு குவளைகளுக்கிடையே இரண்டு மூன்று முறை மாற்றி ஊற்றினால் நீர் விரைவில் ஆறும். காற்றில் படும் பரப்பு கூடுவதும், ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கொண்டு செல்வதும், குளிர்ந்த குவளை வெப்பத்தை வாங்கிக்கொள்வதும் இதற்குக் காரணம். நாம் காப்பியை ஆற்றுவதும் இதே முறைதான் அல்லவா?

பழகிய சீனப் பயணி வேறொரு தந்திரமும் செய்கிறார். கொஞ்சம் இலையே போடுகிறார். குவளையில் மூன்றில் ஒரு பங்கு மீதமிருக்கும்போதே மறுபடி நீர் ஊற்றுகிறார். இதனால் தேநீர் ஒரே அடியாகக் கடுமையாவதில்லை.

கவனிக்க வேண்டியவை

தெர்மாஸ் குடுவைக்குள் இலையைப் போட்டு மூடிவிடாதீர்கள். அதன் வெற்றிடச் சுவர் வெப்பத்தை வெளியே விடாது. மணிக்கணக்கில் சூட்டில் கிடக்கும் இலை கசப்பை எல்லாம் இறக்கிவிடும், தேநீரும் பழுப்பாகும். குடுவையில் நீர், பொட்டலத்தில் இலை என்று தனித்தனியே கொண்டு செல்லுங்கள்.

இலை ஈரத்தையும் வாசனையையும் எளிதில் உறிஞ்சும். சோப்புக்கு அருகில் வைத்தால் தேநீரில் சோப்பு மணக்கும்! காற்றும் ஒளியும் புகாத சிறிய டப்பாவே சிறந்தது.

ஊருக்கு ஊர் நீரும் மாறும். கால்சியம் உப்புகள் மிகுந்த கடின நீரில் தேநீரின் நிறம் மங்கும். மேலே மெல்லிய ஆடை படியும். ஹாங்சோ நகரத்தார் தங்கள் லோங்ஜிங் தேயிலைக்கு, அருகிலுள்ள ஹூபாவ் ஊற்று நீரையே போற்றுவது இங்கே நினைக்கத்தக்கது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு குவளைகளில் ஒரே அளவு இலையை இடுங்கள். ஒன்றில் கொதிநீரும், மற்றதில் கொதித்து ஆறிய நீரும் ஊற்றி, 2 நிமிடம் கழித்துச் சுவையுங்கள். குற்றம் இலையினுடையது அன்று என்பதை உங்கள் நாக்கே சொல்லிவிடும்.